ஓட்டல், பேக்கரிக்கு மாவு மிக்சர் வாங்கப் போறீங்களா? லிட்டர் கணக்கை நம்பி ஏமாறாதீங்க... கவனிக்க வேண்டியது என்ன?

"இது 20 லிட்டர் மெஷின், தாராளமா மாவு போடலாம்" என்று விற்பவர் சொல்வதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் இங்கே அதிகம். மெஷின் கடைக்கு வந்து இறங்கும். முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். மாஸ்டருக்குக் கைவலி இல்லை, மாவும் சீக்கிரம் ரெடி. ஒரு மாசம் போனதும் உள்ளே இருந்து 'கடகட'ன்னு ஒரு சத்தம் வரும். மோட்டார் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும். பண்டிகை நேரத்தில், ஆர்டர் குவிந்து கிடக்கும் ஒரு நாளில் மெஷின் நின்றுவிடும்.

சின்ன ஓட்டலுக்கும் புதுசா தொடங்கும் பேக்கரிக்கும் இது சாதாரண நஷ்டம் இல்லை. மாவு பிசையும் மெஷின் சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். பலர் கடன் வாங்கித்தான் இதை வாங்குகிறார்கள். மெஷின் ரிப்பேர் ஷாப்பில் கிடந்தாலும் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பல நேரங்களில் கோளாறு மெஷினில் இருப்பதில்லை. நம்ம மாவுக்குப் பொருந்தாத மெஷினை வாங்கியதுதான் கோளாறு. அதை வாங்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்க, பார்க்கலாம்.

எந்த மிக்சர்?

தமிழில் 'மிக்சர்' என்றதும் டீக்கடை பாட்டிலில் இருக்கும் காராமிக்சர்தான் முதலில் ஞாபகம் வரும். அடுத்து சட்னி அரைக்கும் மிக்சி. இங்கே பேசுவது இரண்டையும் பற்றி இல்லை. பரோட்டா, சப்பாத்தி, பன், பிரெட், பப்ஸ், கேக், கிரீம் இவற்றுக்கு மாவு பிசையவும் கலக்கவும் அடிக்கவும் வணிகச் சமையலறையில் வைக்கும் பெரிய மெஷின் பற்றி.

இட்லி, தோசை மாவுக்கு இந்த மெஷின் உதவாது. அதற்குக் கல் வேணும், அதாவது கிரைண்டர் வேணும். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வேலையை எந்த மாவு மிக்சரும் செய்யாது. 'ஒரே மெஷின்ல எல்லாமே பண்ணலாம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுவது நல்லது.

லிட்டர் வேற, கிலோ வேற!

மெஷினில் 10, 20, 30, 40 லிட்டர் என்று எழுதியிருக்கும். அது பாத்திரத்தின் கொள்ளளவு. அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. மோட்டாரும் கியரும் எவ்வளவு கனமான மாவைத் தாங்கும் என்பது வேறு கணக்கு. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம்ம பொறுப்பு.

உதாரணத்துக்கு, சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 20 லிட்டர் 'பிளானட்டரி' வகை மெஷின்களில், ஒரு தடவைக்குப் போடக்கூடிய மாவின் அளவு பெரும்பாலும் 5 கிலோ அளவில்தான் கொடுத்திருப்பார்கள். அதே 20 லிட்டர் 'ஸ்பைரல்' வகையில் அது சுமார் 8 கிலோ. 30 லிட்டர் ஸ்பைரலில் சுமார் 12 கிலோ. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால் கையேட்டில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கணும். ஆனால் 20 லிட்டர் என்றால் 20 கிலோ என்று எங்கேயுமே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கையேட்டில் 8 கிலோ என்று இருந்தால், அது தண்ணீர் சேர்க்காத காய்ந்த மாவின் எடையா, தண்ணீரும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த மாவின் எடையா? 8 கிலோ மைதாவில் 60 சதவீதம் தண்ணீர் சேர்த்தால் அதுவே 12.8 கிலோ ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 5 கிலோ வித்தியாசம். விற்பவரிடம் இதை வாய்மொழியாகக் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்க.

கெட்டி மாவுதான் மெஷினுக்கு எமன்

மாவில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காமல் விடும் கணக்கு. 1 கிலோ மாவுக்கு 600 மில்லி தண்ணீர் என்றால் 60 சதவீதம். 400 மில்லி என்றால் 40 சதவீதம். தண்ணீர் குறையக் குறைய மாவு கெட்டியாகும். கெட்டியான மாவைச் சுழற்ற மோட்டார் அதிகம் திணறணும், கியர் பற்கள் அதிகம் தாங்கணும்.

கம்பெனிகள் பெருமையாகப் போடும் 'அதிகபட்ச அளவு' பெரும்பாலும் 60 சதவீதம் தண்ணீர் சேர்த்த பிரெட் மாவை வைத்துச் சொல்வது. பெரிய கம்பெனிகள் தரும் அட்டவணைகளைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். ஒரே மெஷினில் பிரெட் மாவுக்குச் சொல்லும் எடையில் பாதிகூட, தண்ணீர் குறைந்த பீட்சா மாவுக்குச் சொல்லியிருக்காது.

நம்ம ஊருக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்க. பன், பிரெட் மாவு மெஷினுக்கு லேசு. நல்லா எண்ணெய் விட்டு இளக்கமாகப் பிசையும் பரோட்டா மாவும் பரவாயில்லை. ஆனால் பூரி மாவு கெட்டி. சமோசா மாவு அதைவிடக் கெட்டி. ஒரு கடையில் காலையில் பூரி, மாலையில் சமோசா, இரவில் பரோட்டா என்று மூன்றும் போகிறது என்றால், மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சமோசாவை வைத்துத்தான். அதிகம் விற்பது பரோட்டாவாக இருக்கலாம். ஆனால் கியரை உடைக்கப்போவது சமோசா.

கடைக்குப் போகும் முன் இதற்கு ஒரு சின்ன வேலை இருக்கு. மாஸ்டர் ஒரு வாரம் பிசையும் மாவையெல்லாம் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்க. எந்த மாவு, எத்தனை கிலோ, எவ்வளவு தண்ணீர், ஒரே நேரத்தில் எவ்வளவு தேவை. 'கண் அளவு' மாஸ்டர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வாரக் கணக்கு, எந்த விற்பனையாளரும் சொல்லாத உண்மையைச் சொல்லிவிடும்.

பிளானட்டரியா, ஸ்பைரலா?

மாவு மிக்சரில் முக்கியமாக இந்த இரண்டு வகைதான்.

பிளானட்டரி என்ற பெயரே அது வேலை செய்யும் விதத்திலிருந்து வந்தது. கோள் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிறதே, அதுபோல இதன் கரண்டியும் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பாத்திரத்தையும் வலம் வரும். பாத்திரம் அசையாது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஹோபார்ட் கம்பெனியின் என்ஜினீயர் ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், 1908 வாக்கில் பிரெட் மாவைக் கையால் கலக்கிக் கஷ்டப்பட்ட ஒரு பேக்கரிக்காரரைப் பார்த்துத்தான் இந்த மெஷினை யோசித்தார் என்று சொல்வார்கள். அதே கம்பெனி 1919இல் வீட்டு உபயோகத்துக்காகக் கொண்டுவந்த சின்ன மெஷின்தான் 'கிச்சன்எய்ட்'.

இதன் பலம், கரண்டியை மாற்றிக்கொள்ளலாம் என்பது. மாவு பிசையக் கொக்கி மாதிரி ஒன்று, கேக் மாவு கலக்கத் தட்டையான ஒன்று, கிரீமும் முட்டை வெள்ளையும் அடிக்கக் கம்பிக் கூடு மாதிரி ஒன்று. கேக் போடுபவர்களுக்கு இது இல்லாமல் வேலை ஆகாது. பலவீனம், கெட்டி மாவை அதிக அளவில் தினமும் போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எல்லா வேலையும் தெரிந்த ஆள், ஆனால் மூட்டை தூக்கச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்கிற மாதிரி.

ஸ்பைரல் அதற்கு நேர் எதிர். திருகு மாதிரி வளைந்த கம்பி ஓர் இடத்திலேயே நின்று சுழலும். பாத்திரமும் சேர்ந்து சுழன்று மாவைக் கம்பிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். ஒரு நேரத்தில் மாவின் ஒரு பகுதிதான் பிசைபடுகிறது என்பதால் மோட்டார் மேல் சுமை குறைவு, மாவும் அவ்வளவாகச் சூடாகாது. மாவு பிசைய இதைவிட நல்ல ஆள் இல்லை. ஆனால் மாவு பிசைவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கிரீம் அடிக்காது, கேக் கலக்காது. விலை குறைந்த மாடல்களில் பாத்திரத்தைத் தனியாகக் கழற்றவும் முடியாது, மெஷினோடு வைத்தே கழுவணும்.

சரி, நடைமுறையில் இது எவ்வளவு வித்தியாசம் காட்டும்? ஒரு பரோட்டா கடையில் மாலைக்கு 24 கிலோ மைதா பிசையணும் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோ போடும் 20 லிட்டர் பிளானட்டரியில் 5 தடவை போடணும். மாவு கொட்ட, பிசைய, வழித்தெடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். 12 கிலோ போடும் 30 லிட்டர் ஸ்பைரலில் இரண்டே தடவை, அரை மணி நேரம். முதல் மெஷின் தினமும் அதன் உச்சத்தில், இடைவெளி இல்லாமல் ஓடும். இரண்டாவது இரண்டு தடவை ஓடிவிட்டு ஓய்வெடுக்கும். எது அதிக வருஷம் உழைக்கும் என்று தனியாகச் சொல்லணுமா?

அதற்காக 'எதுக்கும் இருக்கட்டுமே' என்று தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய மெஷின் வாங்குவதும் தப்பு. பெரிய ஸ்பைரலில் கொஞ்சம் மாவைப் போட்டால் கம்பியில் சிக்காமல் அடியிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், பிசைபடாது. பிளானட்டரியிலும் அப்படித்தான். 20 லிட்டர் பாத்திரத்தில் நாலு முட்டை வெள்ளையை அடித்துப் பாருங்க, கம்பிக் கூடு அதைத் தொடவே தொடாது. அதனால் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்கும்போது, குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் சேர்த்துக் கேட்கணும்.

பிரெட், கேக் இரண்டும் போடும் பேக்கரிக்கு, ஒரே பெரிய பிளானட்டரியை விட, நடுத்தர ஸ்பைரல் ஒன்றும் 7 அல்லது 10 லிட்டர் பிளானட்டரி ஒன்றும் வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். ஒன்று ரிப்பேர் ஆனாலும் கடையின் பாதி வேலை நடக்கும்.

சென்னை வெயிலில் மாவுக்கும் காய்ச்சல் வரும்

மெஷின் விற்பவர்கள் பெரும்பாலும் பேசாத விஷயம் இது. மெஷின் மாவைப் பிசையும்போது உராய்வால் மாவு சூடாகும். ஈஸ்ட் போட்ட பிரெட் மாவு பிசைந்து முடிக்கும்போது 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் மாவு வேகமாகப் பொங்கி, பிசுபிசுத்து, கடைசியில் புளிப்பு வாடை அடிக்கும். ஐரோப்பாவில் குளிர்ந்த சமையலறையில் இதைப் பற்றிப் பெருசா கவலைப்பட வேண்டியதில்லை. சித்திரை மாதச் சென்னையில் கவலைப்பட்டே ஆகணும்.

பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கணும். அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, மெஷினின் உராய்வு சேர்க்கும் சூடு மூன்றையும் கழிக்கணும். மிச்சம் வருவதுதான் ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு.

வேண்டியது 26 டிகிரி என்றால் மூன்றால் பெருக்க 78. மாவு 32 டிகிரி, அறை 34 டிகிரி. இரண்டையும் கழித்தால் மிச்சம் 12. மெஷின் 8 டிகிரி சேர்க்கிறது என்று வைத்தால், 4 டிகிரி தண்ணீர் ஊற்றணும், அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். இன்னொரு மெஷின் 12 டிகிரி சேர்த்தால்? வருவது பூஜ்ஜியம். தண்ணீரோடு ஐஸ்கட்டியே போட்டாகணும். தினமும் ஐஸ் வாங்கும் செலவு எந்த மெஷின் விலைப்பட்டியலிலும் இருக்காது.

அறை 38 டிகிரி ஆகிவிட்டால் கணக்கு இன்னும் மோசம். அதனால் பிரெட், பன்தான் முக்கியத் தொழில் என்பவர்கள் டெமோ பார்க்கும்போது 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம். பிசையும் முன்பும் பின்பும் மாவில் குத்திப் பார்த்தால் மெஷினின் குணம் தெரிந்துவிடும். பரோட்டாவுக்கு ஈஸ்ட் இல்லை என்பதால் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

வீட்டு மெஷின் போதாதா?

வீட்டிலேயே சமைத்து ஆன்லைனில் விற்பவர்கள் கேட்கும் கேள்வி இது. ஆர்டர் கொஞ்சமாக இருக்கும்வரை போதும். ஆனால் வீட்டு உபயோக மெஷின்கள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. சில நிமிடம் ஓட்டு, சில நிமிடம் நிறுத்து என்று கையேட்டிலேயே இருக்கும். அதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில், வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி கிடையாது என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். ஜிஎஸ்டி எண்ணோடு கடை பெயரில் பில் வாங்கிவிட்டு, மோட்டார் எரிந்ததும் வாரண்டி கேட்டுப் போனால் என்ன பதில் வரும் என்று யூகிக்கலாம்.

கரண்ட் கனெக்ஷன்: சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?

மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன், கடையில் இருக்கும் மின் இணைப்பைப் பார்த்தாகணும். சின்ன மெஷின்கள் 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடும். பெரியவை பலவற்றுக்கு த்ரீ பேஸ் வேணும். சில மாடல்கள் இரண்டு விதமாகவும் கிடைக்கும். த்ரீ பேஸ் மெஷினை வாங்கி இறக்கிவிட்டு, அப்புறமாக மின்வாரிய அலுவலகத்துக்கு நடப்பது வேண்டாத அலைச்சல்.

வீட்டு இணைப்பிலேயே கடையை ஓட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்க. மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆவது பிரிவுப்படி, அனுமதி பெற்ற நோக்கத்துக்கு அல்லாமல் வேறு நோக்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க முடியும்.

மின் கட்டணத்தை நினைத்துப் பலர் தேவைக்குக் குறைந்த குதிரைத்திறன் மெஷினைத் தேர்வு செய்கிறார்கள். இது வீண் பயம். ஒன்றரை எச்.பி. மோட்டார் என்றால் சுமார் 1.1 கிலோவாட். முழுச் சுமையில் கால் மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நாள் முழுக்க எரியும் ஃப்ரீசருக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. உண்மையான எதிரி லோ வோல்டேஜ். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் பகுதியில், முழுச் சுமையோடு ஓடும் மோட்டார் அதிக கரண்டை இழுத்துச் சூடாகும். அப்படிப்பட்ட இடங்களில் ஓவர்லோடு பாதுகாப்பு உள்ள மெஷின்தான் வாங்கணும்.

தரை எப்போதும் ஈரமாக இருக்கும் இடம் சமையலறை. எர்த் சரியாக இருக்கா, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடணும்.

மூடி வெறும் அலங்காரம் இல்லை

2024 டிசம்பரில் மும்பையின் வொர்லி பகுதியில் 19 வயது தொழிலாளி ஒருவர் கிரைண்டரில் சிக்கி உயிரிழந்தார். சாலையோர சைனீஸ் உணவுக் கடைக்காக மஞ்சூரியன் கலவை தயாரித்துக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டை மெஷினில் சிக்கியது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த சிசிடிவி காட்சி நாடு முழுக்கப் பரவியது. போதிய பாதுகாப்பு இல்லாமல் வேலை வாங்கியதாகக் கடை உரிமையாளர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்.

மாவு மிக்சரின் வேகம் பார்க்கச் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் 12 கிலோ கெட்டி மாவைச் சுழற்றும் மெஷினுக்கு ஒரு கை பெரிய தடையே இல்லை. சுழலும்போதே ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் தள்ளிவிடுவது, கொஞ்சம் மாவு தூவுவது, பதம் வந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது... மாஸ்டர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். ஆபத்து வருவதும் இந்த மூன்றிலிருந்துதான். தோளில் போடும் துண்டு, துப்பட்டா, வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாமே கம்பியில் சிக்கக்கூடியவை.

அதனால் பாத்திரத்தின் மேல் கம்பி வலை மூடி இருக்கணும். வெறும் மூடி மட்டும் போதாது, அதைத் தூக்கினால் மெஷின் தானாக நின்றுவிடணும். மூடி திறந்திருக்கும்போது பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகவே கூடாது. எளிதாகக் கை எட்டும் இடத்தில் சிவப்பு நிற எமர்ஜென்சி பட்டன் வேணும். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காமல், மறுபடி பட்டனை அழுத்தினால்தான் ஓடணும். பவர்கட் நேரத்தில் கையை உள்ளே விட்டு மாவை வழிக்கும் பழக்கம் எல்லாச் சமையலறையிலும் உண்டு என்பதால் இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம்.

கொஞ்சம் விலை குறைவு என்று மூடி இல்லாத மாடலை வாங்குபவர்களும் இருக்கிறார்கள், 'வேலைக்கு இடைஞ்சல்' என்று மூடியின் சென்சாரை டேப் ஒட்டி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது ஆட்கள்தான் அதிகம். மாவு போட்டபின் தண்ணீர் ஊற்ற வசதியாக வலையில் இடைவெளி இருக்கும் மாடலைப் பார்த்து வாங்கினால், சென்சாரை ஏமாற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

காந்தம் ஒட்டலைன்னா நல்ல ஸ்டீலா?

பாத்திரம் '304 கிரேடு' ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி, ஒரு காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். ஒட்டாது. உடனே நம்பிவிட வேண்டாம். விலை குறைந்த 202 கிரேடு ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட ரசாயனச் சொட்டு வைத்துப் பார்க்கும் சோதனை உண்டு, பாத்திரக் கடைக்காரர்களிடமே கேட்கலாம். உப்பும் புளிப்பும் படும் இடத்தில் 202 சீக்கிரம் துருப் புள்ளி விடும் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். பில்லில் கிரேடு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்க. பலருக்கு அங்கேயே குரல் இறங்கிவிடும்.

கரண்டிகள் அலுமினியத்தில் இருந்தால் காரமான கிளீனிங் பவுடர் போட்டுக் கழுவக் கூடாது. கறுத்துப்போய், சாம்பல் நிறம் மாவில் ஒட்டும்.

சர்வீஸ் ஆள் எந்த ஊர்?

ஆன்லைனில் ஐயாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று ஆர்டர் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மெஷின் நின்றால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார்? பெல்ட், கியர், கரண்டி, சுவிட்ச் இவை பக்கத்து ஊரில் கிடைக்குமா? சென்னை, கோவையில் இருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. சின்ன ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கு, உள்ளூர் மெக்கானிக்குக் கைவந்த சாதாரண மாடலே உயர்ந்த மாடலை விட மேல்.

பெல்ட்டில் ஓடும் மெஷின், கியரில் ஓடும் மெஷின் என்று இரண்டு உண்டு. சுமை மிஞ்சினால் பெல்ட் வழுக்கும் அல்லது அறுந்துபோகும். மாற்றுவது சின்னச் செலவு. கியர் பல் உடைந்தால் பெரிய செலவு. கியர் வகை பிளானட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்தை மாற்றுவதுதான் பல் உடைய முக்கியக் காரணம். நிறுத்திவிட்டுத்தான் மாற்றணும். கொக்கி போட்டு மாவு பிசையும்போது முதல் வேகத்துக்கு மேல் போகவே கூடாது. இந்த இரண்டையும் மெஷின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் நல்லது. தமிழ் படிக்கத் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்தால் இந்தியிலும் ஒட்டணும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், காலி மெஷினை ஓட்டிக் காட்டினால் 'ஓகே' சொல்லிவிடக் கூடாது. காலியாக ஓடும்போது எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான். நம்ம கடை மைதாவை மூட்டையோடு கொண்டுபோய், நம்ம மாஸ்டரை வைத்து, நம்ம பதத்தில் மூன்று தடவை தொடர்ந்து பிசைந்து பார்க்கணும். மூன்றாவது தடவை முடிந்ததும் மோட்டார் மேல் கை வைத்துப் பாருங்க. அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கா, கரண்டியைப் பிடித்து ஆட்டினால் ஆடுதா என்றும் பார்க்கணும். புது மெஷினுக்கும் இதே டெமோவைக் கேட்கலாம். தயங்காமல் செய்து காட்டும் கடைக்காரரிடம் வாங்குவதே மேல்.

வரி, மானியம்

உணவு பில்லுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிக்கும் ஓட்டல்கள், மெஷினுக்குக் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அதாவது உள்ளீட்டு வரிச் சலுகை அவர்களுக்கு இல்லை. ஆகவே விலையை ஒப்பிடும்போது வரியோடு சேர்த்த மொத்தத் தொகையைத்தான் பார்க்கணும். 'ஜிஎஸ்டி திரும்ப வந்துடும்' என்று விற்பவர் சொன்னால் நம்ம ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

பேக்கரி போல உணவுப் பொருள் தயாரிக்கும் குறுநிறுவனங்களுக்கு, 2020இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியம் உண்டு. விண்ணப்பம் அப்போது வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் மானியம் கேட்டுப் போகாமல், கொட்டேஷனோடு முதலில் போவதுதான் சரியான வழி.

மெஷின் வந்து இறங்கும் நாளில்

த்ரீ பேஸ் மெஷினை இணைத்ததும், மாவு போடாமல் ஒரு நிமிடம் ஓட்டி, மெஷினில் போட்டிருக்கும் அம்புக்குறி திசையிலேயே சுழல்கிறதா என்று பார்க்கணும். ஒயர்கள் இடம் மாறியிருந்தால் எதிர்த் திசையில் சுற்றும். மாவு பிசைபடாமல் மேலே ஏறும், மெஷினும் கெடும். எலக்ட்ரீஷியன் இரண்டு பேஸ் ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிட வேலை. பின்னாளில் தெருவில் மின்கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ வேலை நடந்து கரண்ட் வந்த பிறகும், மாவு போடும் முன் இதே சோதனையை ஒரு தடவை செய்துவிடணும்.